டிடிபி கடையில் பத்து வருட லினக்ஸ்

2019 மாசியில் எங்கள் பக்கத்துக் கோயில் தர்மகர்த்தா ஒரு பழைய சிடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 2007 கும்பாபிஷேக மலர். பன்னிரண்டு வருடம் ஓடி அடுத்த கும்பாபிஷேகம் வந்துவிட்டது. தலவரலாற்றை அப்படியே வைத்துக்கொண்டு உபயதாரர் பட்டியலை மட்டும் மாற்றித் தர வேண்டும். "நீங்க அடிச்சதுதானே தம்பி, உங்ககிட்ட இல்லாமயா போயிடும்?" என்றார்.

அடித்தது நான்தான். 96 பக்கம், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அன்றைக்குத் தமிழ் அடிக்க வாங்கியிருந்த மென்பொருளோ ஒரு டாங்கிளோடு வந்தது. கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் அந்தக் கட்டையைச் செருகினால்தான் எழுத்து விழும். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அந்த போர்ட்டே கிடையாது. விற்ற கம்பெனியின் நம்பரும் உபயோகத்தில் இல்லை. நான் அடித்த எழுத்து, என் சிடி, என் கடை. சாவி மட்டும் வேறொருவரிடம்.

கடையை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு மாற்றி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் தொகுப்பில் இருக்கும் டிரா என்ற வரையும் மென்பொருள், பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். 2015-ல் வந்த 4.4 பதிப்பிலேயே அந்த வசதி வந்துவிட்டது. அரை மனதோடு இழுத்துப் போட்டேன். திறந்தது. பார்டர் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று பக்க அமைப்பு கலைந்துதான் வந்தது. எழுத்தோ ஆங்கில எழுத்தும் புள்ளிக் குறியுமாகக் கிறுக்கல். பழைய எழுத்துருக்கள் தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கும், அதனால் அப்படி. ஆனால் கிறுக்கலாக இருந்தாலும் ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை.

இன்ஜினியரிங் படிக்கும் அக்கா பையன் 'ஓப்பன் தமிழ்' என்ற, பைத்தான் மொழியில் எழுதிய இலவச நிரல் தொகுப்பை இறக்கினான். பாமினி, டாப், டாம் என்று பழைய எழுத்துக் குறியீடுகளையெல்லாம், இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடாக மாற்றும் பகுதி அதில் இருக்கிறது. பத்து வரி எழுதி ஓட்டினான். தலவரலாறு தமிழில் வந்து விழுந்தது. 'ஸ்ரீ' மட்டும் எல்லா இடத்திலும் உடைந்திருந்தது. கோயில் மலரில் பக்கத்துக்கு எத்தனை ஸ்ரீ வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து கையால் திருத்தினேன். யாரிடமும் லைசென்ஸ் கேட்கவில்லை, யாருக்கும் போன் போடவில்லை.

இலவசம் என்பதால்தான் நான் லினக்ஸுக்கு வந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. 2012-ல் வாங்கிய கம்ப்யூட்டர் தவழ ஆரம்பித்திருந்தது. 2016-ல் மின்ட் 17.3 போட்டேன். அவர்கள் பதிப்புகளுக்குப் பெண் பெயர் வைப்பார்கள், அது ரோசா. பிறகு சாரா, தாரா, உல்யானா, வனெஸ்ஸா, இப்போது வில்மா. நடுவில் வேகமான ஒரு எஸ்எஸ்டி டிஸ்க், கூடுதலாக 4 ஜிபி ராம். இவ்வளவுதான் செலவு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது, விண்டோஸ் 11 ஏறாத நல்ல கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் கடைக்கு வந்தார்கள். என் 2012 பெட்டியில் அப்போது கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். முதல் வருடம் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருள் என்னை அழவைத்தது. பக்க வடிவமைப்புக்கு அதுதான் என்று நம்பி வந்தால், 1.4 பதிப்பில் தமிழ் சரியாக விழாது. கடையில் டைப் அடிக்கும் அக்கா முப்பது வருடத் தட்டச்சுக்காரர். பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை லினக்ஸிலும் இருந்ததால் கை பழக்கம் மாறாமல் அடித்துவிட்டு, திரையைப் பார்த்து, "தம்பி, கொம்பு ஏன் பின்னாடி போயி நிக்குது?" என்று கேட்டார். 'கொடி' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நின்றது. ஒவ்வொரு பத்திரிகையையும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் அடித்து, எழுத்தை வெறும் கோட்டுப் படமாக மாற்றி, ஸ்கிரைபஸுக்குள் கொண்டுபோய், அச்சகம் கேட்கும் நான்கு வண்ண (சிஎம்ஒய்கே) பிடிஎஃப் எடுத்து அச்சகத்துக்கு அனுப்பினோம். ஒரு எழுத்துப் பிழை என்றால் திரும்ப முதலிலிருந்து.

2017-ல் வந்த ஸ்கிரைபஸ் 1.5.3 சோதனைப் பதிப்பில் கொம்பு முன்னால் வந்துவிட்டது. அந்த வேலையில் பெரும்பங்கு ஓமன் நாட்டுக் குழு ஒன்றுடையது. அரபி எழுத்து சேர்ந்து விழ வேண்டும் என்று அவர்கள் உட்கார்ந்து செய்தது, தமிழையும் சேர்த்துச் சரியாக்கிவிட்டது. மஸ்கட்டில் யாரோ தனக்காகத் தட்டிய கதவு மன்னார்குடியில் எனக்கும் திறந்தது. அந்த வேலை நிலையான பதிப்பாக, 1.6 என்று வர 2024 ஆகிவிட்டது. அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. விலை மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டி அன்றைக்கே வேலையை முடிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வேர்டில் அடித்த பயோடேட்டாவைக் கொண்டுவந்து பிரிண்ட் கேட்பவர்கள் இன்னொரு தலைவலி. ஒரு பக்கம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். கார்லிட்டோ, கலடேயா எழுத்துருக்களைப் போட்ட பிறகு ஆங்கிலக் கோப்புகளில் அது நின்றது. காலிப்ரி, கேம்ப்ரியா எழுத்துகளின் அதே அகலத்தில் வரைந்தவை அவை. தமிழ் எழுத்துருக்களுக்கு அப்படி ஒரு ஜோடி எனக்குச் சிக்கவில்லை. இன்றும் 'பிடிஎஃப்பா கொண்டுவாங்க' என்றுதான் போர்டு தொங்குகிறது.

பிரிண்டர் விஷயத்தில் ஒரே யோசனை: வாங்கும் முன் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று பாருங்கள். ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கும் ஒரு லேசர் பிரிண்டரை விலை மலிவு என்று வாங்கி, ஒரு வாரம் போராடி, பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அடுத்து வாங்கியது செருகியதும் ஓடியது, ஒன்பதாவது வருடமாக ஓடுகிறது.

ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் இன்னும் மூலையில் இருக்கிறது. டெண்டர் போடுபவர்கள் பென்டிரைவ் மாதிரி இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோடு வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் டோக்கனின் மென்பொருள் என் லினக்ஸில் ஏறவில்லை. அதனால் மாதத்துக்கு இரண்டு தடவை அந்த விண்டோஸ் கம்ப்யூட்டரைப் போடுவேன். போட்டதும் அப்டேட் ஓட ஆரம்பிக்கும். கான்ட்ராக்டரை உட்கார வைத்து டீ சொல்லிவிட்டு, அதுவரைக்கும் இந்தப் பக்கம் வந்து யாருடைய பத்திரிகையாவது திருத்திக்கொண்டிருப்பேன்.