பெயரை விட்டு நிலத்தைப் பிடித்தேன்: ஒரு நெப்ராஸ்கா விவசாயக் குடும்பத்தின் வேர் தேடிய அனுபவம்

என் கணவர் அமெரிக்கர். அவருடைய அப்பா வழியில் எல்லோருமே நெப்ராஸ்கா மாநிலத்தின் தென்கிழக்கு ஓரத்தில், கேஜ் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) விவசாயம் செய்தவர்கள். அந்தக் குடும்பத்தைப் பழைய பதிவேடுகளில் தேடும் வேலை பல வருடங்களாக என் கையில்தான் இருக்கிறது. அது எப்படி மருமகள் தலையில் வந்து விழுந்தது என்பது தனிக்கதை. எந்தப் பதிவேடு உருப்படியாக ஏதாவது கொடுத்தது, எது வெறுமனே நேரத்தைத் தின்றது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவசாயக் குடும்பம் என்றால் பெயரைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். இவர்கள் ஜெர்மனியின் வடமேற்குக் கடலோரத்தில் இருக்கும் ஆஸ்ட்ஃபிரீஸ்லாந்திலிருந்து வந்தவர்கள். அங்கே அப்பாவின் பெயரே பிள்ளைக்குப் பின்பெயராக வரும். 1811-இல் நெப்போலியன் ஆட்சி நடந்தபோது நிலையான குடும்பப் பெயர் வைத்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டும் பழைய வழக்கம் லேசில் போகவில்லை. மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர் (நமக்கு ஒன்றும் புதிதில்லை). விளைவு என்னவென்றால், ஒரே கவுன்ட்டியில், ஏறக்குறைய ஒரே வயதில், அச்சு அசலாக ஒரே பெயரில் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று வரிசையாக நிற்கிறார்கள். எந்த இணையதளத்தில் பெயரைத் தட்டினாலும் எல்லோரும் சேர்ந்துதான் வருவார்கள். ஆனால் ஒவ்வொருவரும் உழுத நிலம் வேறு. அது நகராது, எழுத்துப் பிழையில் காணாமலும் போகாது.

சரி, எல்லோரும் தொடங்கும் இடம் சென்சஸ்தான், நானும் அங்கேதான் தொடங்கினேன், அதில் குறையொன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஆண்டுத் தாள் என்ன சொல்லும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. 1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-இலிருந்து சுதந்திரமானவர்கள் எல்லோர் பெயரும் வருகிறது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அப்போதும் தனித் தாள், அதில் வயதும் பாலினமும் நிறமும் இருக்கும், பெயர் இருக்காது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வி 1880-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தாளில் ஒரு வீட்டில் 15 வயதுப் பையன் இருந்தால் அவன் மகனா, தம்பியா, கூலிக்கு நிற்பவனா என்று அந்தத் தாளை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. 1890 சென்சஸைத் தேடி யாரும் அலையவேண்டாம். வாஷிங்டனில் வர்த்தகத் துறைக் கட்டடத்தில் 1921 ஜனவரியில் பிடித்த தீயிலும், அணைக்க அடித்த தண்ணீரிலும் பெரும்பகுதி பாழாகி, மிச்சமிருந்ததையும் பிற்பாடு அரசாங்கமே அழித்துவிட்டது. நெப்ராஸ்காக்காரர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு: 1885-இல் அங்கே தனியாக ஒரு மாநில சென்சஸ் எடுத்தார்கள், அந்த இடைவெளியில் பாதியை அது அடைக்கிறது.

மக்கள்தொகைத் தாள்களில் எனக்குப் பிடித்தது 1900. பிறந்த மாதம், ஆண்டு, கல்யாணமாகி எத்தனை வருடம், எந்த ஆண்டு கப்பலேறி வந்தார்கள், பண்ணை சொந்தமா குத்தகையா, அடமானம் உண்டா என்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். பெண்களிடம் கூடுதலாக இரண்டு கேள்வி: எத்தனை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது. கணவரின் எள்ளுப்பாட்டி வரிசையில் 9 என்றும் 6 என்றும் எழுதியிருந்தது. அந்த மூன்று பேரைப் பற்றிக் குடும்பத்தில் யாருமே கேள்விப்பட்டதில்லை. மாமியாருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன், இருக்கவே இருக்காது என்றார். அப்புறம் லூத்தரன் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில், பழைய ஜெர்மன் கையெழுத்தில், மூவருமே கிடைத்தார்கள். அந்தக் கையெழுத்தைப் படிக்கப் பழகுவது சிரமம்தான். ஆனால் மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு நெப்ராஸ்காவில் 1904-இல்தான் தொடங்கியது, அதற்கு முன்னால் போகவேண்டுமானால் தேவாலயப் பதிவேடு இல்லாமல் நடக்காது.

பலருக்குத் தெரியாத இன்னொரு சென்சஸ் இருக்கிறது. 1850-இலிருந்து 1880 வரை மக்கள் கணக்கோடு விவசாயக் கணக்கும் தனித் தாளில் எடுத்தார்கள். 1900, 1910 விவசாயத் தாள்களை அரசே அழித்துவிட்டது, அதனால் கையில் இருப்பது இந்த முந்தைய தாள்களும் சில மாநிலக் கணக்குகளும்தான். உழுத ஏக்கர் எத்தனை, பண்ணையின் மதிப்பு என்ன, குதிரை, கறவை மாடு, பன்றி எத்தனை, சோளமும் கோதுமையும் எத்தனை புஷல் (தானியம் அளக்கும் அளவை) என்று ஒரு வருடத்துப் பிழைப்பே ஒற்றை வரியில் இருக்கும். 1880 தாளில் எத்தனை பவுண்டு வெண்ணெய், எத்தனை டஜன் முட்டை என்றும் கேட்டார்கள். மக்கள்தொகைத் தாளில் அதே வீட்டுப் பெண்ணுக்கு எதிரே 'வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்' என்பதோடு சரி. அவள் உழைப்பு அரசாங்கக் காகிதத்தில் எண்ணாக ஏறியது இந்த வெண்ணெய், முட்டைக் கணக்கில்தான். பெரிய தளங்களில் இது தேடலில் தானாக மேலே வராது, விவசாயத் தாள் என்று தனியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கவேண்டும்.

இனி நிலம். நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு 6 மைல் உள்ள டவுன்ஷிப், அதற்குள் 36 செக்ஷன், ஒரு செக்ஷன் 640 ஏக்கர், அதில் கால்வாசி 160 ஏக்கர். அரசு நிலத்தைக் குடியேறுபவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது அந்தக் கால்வாசி அளவைத்தான், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்யவேண்டும் என்ற நிபந்தனையோடு. (சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே மனுப் போட்ட டேனியல் ஃப்ரீமனின் நிலமும் இதே கேஜ் கவுன்ட்டியில், பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போது அது தேசிய வரலாற்றுப் பூங்கா.) அரசு எழுதிக்கொடுத்த முதல் பட்டாவை அங்கே பேட்டன்ட் என்பார்கள். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் ஜெனரல் லேண்ட் ஆஃபீஸ் தளத்தில் அவற்றின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்குத் தொடங்கவேண்டாம், மின்னஞ்சல் கொடுக்கவேண்டாம். நான் பயன்படுத்தியதில் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். இதில் ஒரு வழி இருக்கிறது: பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு டவுன்ஷிப், ரேஞ்ச் (டவுன்ஷிப் கிழக்கு மேற்காக எத்தனையாவது வரிசை என்று சொல்வது), செக்ஷன் எண்களை மட்டும் போடுங்கள். அந்தச் செக்ஷனில் அரசிடமிருந்து நிலம் பெற்ற அத்தனை பேரும், அதாவது அக்கம்பக்கத்தார் மொத்தமும் வரிசையாக வந்து நிற்பார்கள். பேட்டன்டில் இருக்கும் தேதியைக் குடியேறிய தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஹோம்ஸ்டெட் நிலமாக இருந்தால் ஆள் பெரும்பாலும் ஐந்தாறு வருடம் முன்னாடியே வந்து உழ ஆரம்பித்திருப்பார்.

பேட்டன்ட் வெறும் ஒற்றைத் தாள். அதற்குப் பின்னால் இருக்கும் மனுக் கோப்புதான் புதையல். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் எண் கொடுத்து நகல் வாங்கலாம், நெப்ராஸ்காக் கோப்புகளை முன்பே ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். எங்கள் கோப்பில் என்ன இருந்தது தெரியுமா, 12-க்கு 16 அடி வீடு, ஒரு கதவு, இரண்டு ஜன்னல், ஒரு கிணறு, உழுத ஏக்கர், குடியேறிய மாதம், எல்லாமே சத்தியப் பிரமாணமாக எழுதியிருந்தது. குடியுரிமை பெற்றதற்கான நீதிமன்ற நகலும் அதிலேயே இருந்தது. 1906-க்கு முன்னால் குடியுரிமையை ஏறக்குறைய எந்த நீதிமன்றத்திலும் வாங்கலாம் என்பதால் அந்தக் காகிதத்தைத் தனியாகத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று தேடியவர்களுக்குத் தெரியும்.

கோப்பில் சாட்சிக் கையெழுத்து இரண்டு. அவற்றில் ஒருவரின் பெயர் எங்கள் குடும்ப மரத்தில் எங்குமே இல்லை. செக்ஷன் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அவர் பக்கத்துக் கால்வாசியின் சொந்தக்காரர். அக்கம்பக்கத்தில் இருப்பவர் சாட்சி போடுவது வழக்கம்தான் என்று விட்டுவிடாமல் கவுன்ட்டி நீதிமன்றத்தின் ப்ரோபேட் ஏடுகளில் (இறந்தவர் சொத்து யாருக்கு என்று தீர்த்த பதிவுகள்) அவரைத் தேடினேன். கல்யாணமாகாமல், உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். பெற்றோரும் இல்லாமல் அப்படி இறந்தால் சொத்து உடன்பிறந்தவர்களுக்குப் போகும், அதனால் நீதிமன்றம் அவர்கள் எல்லோரையும் பட்டியல் போட்டாக வேண்டும். சகோதரிகள் பட்டியலில், புருஷன் பெயரோடு, எங்கள் எள்ளுப்பாட்டி! சாட்சி போட்டது அவளுடைய அண்ணன். அவள் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று தெரியாமல் அத்தனை காலம் முட்டிக்கொண்டிருந்த சுவர் அன்றைக்கு இடிந்தது. எந்தத் தளத்திலும் பெயரைத் தட்டி அந்த மனிதரிடம் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. நிலம் பக்கத்தில் இருந்ததால்தான் ஆளும் கிடைத்தார்.

கவுன்ட்டி அலுவலகத்தில் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணை இருக்கும், விற்றவர் பெயரில் ஒன்று, வாங்கியவர் பெயரில் ஒன்று. இரண்டையும் பாருங்கள். கால்நடையையும் கருவியையும் ஈடு வைத்து வாங்கிய கடன் பத்திரங்களையும் விடாதீர்கள். மாட்டின் நிறம், வயது, நெற்றிச் சுட்டி வரைக்கும் எழுதியிருப்பார்கள். எந்த வருடம் கை கடித்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

நிலத்தைப் பிடித்துப் போனால் சங்கடமான இடத்துக்கும் போய்ச் சேருவோம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எள்ளுத்தாத்தாவின் தம்பி கவுன்ட்டியின் தென்பகுதியில் நிலம் வாங்கினார். அந்தப் பேட்டன்டில் சட்டத்தின் பெயர் வரும் இடத்தில் ஹோம்ஸ்டெட் இல்லை, ஓட்டோ-மிசூரியா பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய நிலத்தை விற்பதற்கு வந்த சட்டம் இருந்தது. 1854 ஒப்பந்தத்தில் அந்த மக்கள் தங்கள் பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்து, பிக் புளூ ஆற்றங்கரையில் இந்தச் சிறிய பகுதியை வைத்துக்கொண்டார்கள். பிறகு அதையும் 1870-களின் பிற்பகுதியிலிருந்து துண்டு போட்டு விற்றுவிட்டு, 1881-இல் அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். குடும்பக் கதையில் இதெல்லாம் 'காலி நிலம்'. மாமனாரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதையும் மரத்தில் சேர்த்து எழுது என்று மட்டும் சொன்னார், சேர்த்துவிட்டேன்.

தளங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஃபேமிலிசர்ச் இலவசம், மார்மன் தேவாலயம் நடத்துவது. சில படங்களை அவர்களுடைய மையத்துக்கோ அவர்களோடு இணைந்த நூலகத்துக்கோ போய்த்தான் பார்க்கவேண்டும், எங்கள் ஊர் நூலகத்திலேயே முடிந்தது. 2024-இல் கையெழுத்துப் பத்திரங்களைக் கணினியே படித்து முழு எழுத்திலும் தேடும் வசதியைக் கொண்டுவந்தார்கள், என் வேலை தலைகீழாக மாறியது அதற்குப் பிறகுதான். பெயர்களை அது கன்னாபின்னாவென்று படிக்கும். ஆனால் 'வடமேற்குக் கால்வாசி, செக்ஷன் இன்னது' என்ற வாசகத்தைக் குமாஸ்தாக்கள் ஆயிரம் முறை ஒரே மாதிரி எழுதியிருப்பதால் அது பெரும்பாலும் சரியாக வந்துவிடுகிறது. நில விவரத்தை ஆங்கிலச் சொற்களாகவே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள்.

கட்டணத் தளங்களுக்குப் பணம் கட்டலாமா? ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள், தேட வேண்டியதை முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள், முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். நான் வைத்திருந்த ஒன்று, பெயர் வேண்டாம், நிறுத்தச் சொன்ன பிறகும் அட்டையிலிருந்து பணம் எடுத்து, திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதைவிட எரிச்சல் மற்றவர்கள் போட்டுவைத்த குடும்ப மரங்கள். ஒரே பெயர்க்காரர்கள் இருவரை ஒட்டவைத்து ஒரே ஆளாக்கி, அதை நூறு பேர் அப்படியே நகலெடுத்து வைத்திருப்பார்கள். மூன்று வயதில் தந்தையானவர் ஒருவரையும் பார்த்தாயிற்று. அந்த மரங்களில் துப்பு எடுக்கலாம், சான்றாக எடுக்கக்கூடாது.

டிஎன்ஏ சோதனை எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. ஒரே வட்டாரத்துக்குள் திரும்பத் திரும்பக் கல்யாணம் செய்தவர்கள் என்பதால் எல்லோரும் எல்லோருக்கும் உறவு என்று காட்டுகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா தொகுப்பில் பழைய ஊர்ச் செய்தித்தாள்கள் இலவசம், அதில் யார் யார் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனார்கள் என்றுகூட வரும். படிக்க உட்கார்ந்தால் இரவு போய்விடும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

இப்போது நெப்ராஸ்காவுக்கு முந்தைய காலத்தில் நிற்கிறேன். இவர்கள் அங்கே வருவதற்கு முன் இலினாய் மாநிலத்தின் ஆடம்ஸ் கவுன்ட்டியில் சில வருடம் இருந்திருக்கிறார்கள். அந்தப் பகுதியை, பிரிட்டனோடு நடந்த 1812 போரில் சண்டையிட்ட சிப்பாய்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் என்று அரசு பிரித்துக் கொடுத்தது. பல சிப்பாய்கள் அந்தப் பக்கமே வராமல் உரிமையைத் தரகர்களுக்கு விற்றுவிட்டதால் பத்திரச் சங்கிலி ஒரே சிக்கல். ஒரே நிலத்துக்கு வரி பாக்கி ஏலத்தில் எடுத்தவர் ஒருவர், சிப்பாயிடம் வாங்கியவர் இன்னொருவர் என்று போகிறது. அதே வழிதான், செக்ஷன் எண்ணிலிருந்து பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தக் கவுன்ட்டிப் பத்திரங்களில் வேலை செய்த யாராவது இருந்தால், வரி ஏல ஏடுகள் தனியாக வைத்திருக்கிறார்களா, பத்திர ஏடுகளோடு சேர்ந்தே இருக்கின்றனவா என்று சொல்லுங்கள்.