ஊசி, மை, தூள், சூடு: நான்கு அச்சுப்பொறிகள்

கணினியின் வெளியீட்டுச் சாதனங்களில் திரைக்கு அடுத்தபடியாக நாம் தேடிப் போய் வாங்குவது அச்சுப்பொறிதான். கடையில் விலைச்சீட்டைப் பார்த்து முடிவெடுப்பதே பலரின் வழக்கம். ஆனால் அச்சிட்ட தாள் எத்தனை நாள் நிலைக்க வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை பிரதி வேண்டும், பொறி வாரத்தில் எத்தனை நாள் ஓடும் என்பவை தெரியாமல் டாட் மேட்ரிக்ஸ், இங்க்ஜெட், லேசர், தெர்மல் ஆகிய நான்கில் எது நமக்கு ஏற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே நான் விலையைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

நான்கில் தாளை அடித்து அச்சிடுவது டாட் மேட்ரிக்ஸ் மட்டுமே. அதன் தலையிலுள்ள மெல்லிய ஊசிகள் மை ரிப்பனைத் தாளின் மேல் குத்துகின்றன. அந்த அடி கீழே வைத்த கார்பன் தாளையும் எட்டுவதால் மூன்று பிரதிகள் ஒரே ஓட்டத்தில் விழுகின்றன. அனுப்புபவருக்கு ஒன்று, ஓட்டுநருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று ரசீது கிழிக்கும் லாரி புக்கிங் அலுவலகங்கள் அந்தக் கிறீச்சொலியை இன்னும் சகித்துக்கொள்வது இதற்காகத்தான். வங்கிகளில் பாஸ்புக்கில் வரவு செலவு பதியும் பொறியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ரிப்பன் தேய்ந்தால் எழுத்து மெல்ல மங்குமே தவிர, மற்றவற்றைப் போல வேலை நடுவில் திடீரென்று கைவிடாது. தமிழுக்கு மட்டும் இது சற்று ஓரவஞ்சனை செய்யும். ஆங்கில எழுத்துகள் பொறியின் நினைவகத்திலேயே இருப்பதால் அவை விரைந்து அச்சாகின்றன. தமிழைப் பெரும்பாலும் படமாகத்தான் அனுப்ப வேண்டியிருப்பதால் வேகம் குறைந்துவிடும். ஒன்பது ஊசித் தலையில் சிறிய அளவில் அடித்த ‘ண’வையும் ‘ன’வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; சுழிகள் அடைபட்டு, மூன்றா இரண்டா என்று கண்ணைச் சுருக்கித்தான் எண்ண வேண்டும்.

உண்மையான போட்டி இங்க்ஜெட்டுக்கும் லேசருக்கும் இடையில்தான். எச்பி நிறுவனம் திங்க்ஜெட், லேசர்ஜெட் என இவ்விரண்டு வகையையும் 1984-ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது; அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை. இங்க்ஜெட் திரவ மையை நுண்துளைகள் வழியே துளித்துளியாகத் தாளில் தெளிக்கிறது. லேசரோ, ஒளியால் உள்ளே சுழலும் ட்ரம் என்ற உருளையின் மேல் மின்னூட்டக் கோலம் ஒன்றை வரைந்து, அதில் ஒட்டிய டோனர் தூளைத் தாளுக்கு மாற்றி, ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் உருக்கிப் பதிக்கிறது. இரண்டின் நிறைகுறைகள் யாவும் ஒன்று ஈரம், மற்றொன்று தூள் என்ற இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

ஈரம் காயும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி என் வீட்டு இங்க்ஜெட்டை இயக்கியபோது, கறுப்பு வரிகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடின. மை காய்ந்து அடைத்த துளைகளைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை மூன்று முறை கொடுத்த பிறகே எழுத்து நேரானது. அதற்குள் மையின் அளவு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தது. அந்த மை வீணாகப் போய்ச் சேருமிடம் பொறியின் அடியிலுள்ள பஞ்சு. அது நிறைந்துவிட்டால், மற்றெல்லாம் சரியாக இருந்தும் பொறி அச்சிட மறுக்கும் என்பதைப் பெட்டியின் மேல் எவரும் பெரிதாக அச்சிடுவதில்லை. டோனர் தூளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆறு மாதம் மூடி வைத்திருந்து எடுத்தாலும் முதல் பக்கமே தெளிவாக வரும்.

தாளின் ஆயுளிலும் இதே கதைதான். சாய மையில் அச்சிட்ட தேர்வு நுழைவுச்சீட்டின் மேல் ஒரு சொட்டு மழைநீர் விழுந்தால் பெயர் கரைந்து பரவும். லேசரில் அடித்த சீட்டைத் துடைத்துவிட்டு உள்ளே போகலாம். ஆனால் மடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் லேசர் எழுத்து மடிப்பில் செதிலாக உதிரும். புகைப்படம், பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப் படங்கள் என்றால் இங்க்ஜெட்டுக்கு நிகராக வீட்டு விலையில் லேசர் எதுவும் இல்லை.

செலவுக் கணக்கைப் பழைய சிறு கார்ட்ரிட்ஜை வைத்துப் போட்டால் இங்க்ஜெட் தோற்கும். புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் டேங்க் மாடல்கள் வந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. ஒரு கறுப்பு மைப் புட்டியில் 4,500 பக்கம் வரை வரும் டேங்க் மாடல்கள் உண்டு. ஜெராக்ஸ் கடைகளில் பெயர்பெற்ற 12ஏ என்ற லேசர் டோனர் கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்படுவது 2,000 பக்கம். பக்கப் பரப்பில் சுமார் 5 விழுக்காடு மட்டுமே எழுத்து இருக்கும் என்று வைத்துச் சொன்ன எண்கள் இவை என்பதால், நெருக்கி அடித்த பத்திர நகலுக்கு இதில் பாதியை எதிர்பார்ப்பதே நல்லது. மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. லேசர் தூளை உருக்கச் சூடேறும் நொடிகளில் பல நூறு வாட் இழுப்பதால், கணினிக்கு வாங்கிய சிறு யுபிஎஸ்ஸில் அதைச் செருகினால் யுபிஎஸ் கதறும். இங்க்ஜெட்டுக்கு அது தாராளம்.

தெர்மல் பொறிக்கு மையும் இல்லை, தூளும் இல்லை. தாளின் மேல் பூசிய வேதிப்பொருள் சூடுபட்டுக் கறுக்கிறது. மளிகைக் கடை பில்லை நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும். ரோல் மாற்றுவதைத் தவிர வேறு வேலை வைக்காத இந்தப் பொறியை, வரிசை நிற்கும் கல்லாவில் வேறெதுவும் வெல்ல முடியாது. மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்பதால் தமிழ்ச் சுழிகளும் ஓரளவு திறந்தே தெரியும். ஆனால் ஃப்ரிட்ஜ் வாங்கிய கடையும் அதே தாளில்தான் பில் தருகிறது. ஐந்தாண்டு உத்தரவாதத்துக்குச் சான்றான அந்தச் சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள் ஓராண்டிலேயே வெளுத்துப் போகலாம். வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் வைத்தால் முழுதாகக் கறுத்தும் போகலாம். அப்படிப்பட்ட பில்லை வாங்கிய அன்றே நகலெடுத்து, மூலத்தோடு சேர்த்துக் காகித உறையில் வைத்துவிடுவது என் பழக்கம். அந்த நகலை எடுக்க நான் போவது லேசர் பொறி இருக்கும் கடைக்கு.