ரீமாடல் பண்ண கடை சூப்பர்தான், ஆனா கல்லுப்ப எங்கய்யா வெச்சீங்க?

தண்டையார்பேட்டை மெட்ரோ பக்கம் புதுசா வீடு பாத்து வந்துருக்குற ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான், "மச்சி, அந்த பெரிய கடைய மொத்தமா மாத்திட்டாங்களாமே, மாச சாமான் அங்கயே வாங்கலாமா"ன்னு. வாங்கலாம், வாங்காதன்னு ஒரு வார்த்தைல சொல்ல முடில, அதான் இவ்ளோ பெருசா எழுதறேன். கடை பேர் போடல. ஏரியாக்காரங்களுக்கு தெரியும், பழைய கடை எப்டி இருந்துச்சுன்னும் தெரியும்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன், அப்பறம் சொல்ற மூட் இருக்காது. நடக்க எடம் இருக்கு. முன்னாடிலாம் சாயந்தரத்துல உள்ள போனா ஆடி தள்ளுபடி நேரத்துல வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரி இருக்கும், எதிர்ல ஒரு ட்ராலி வந்துட்டா யாராவது ஒருத்தர் பின்னாடியே போவணும். இப்ப அந்த தொல்லை இல்ல. காய்க்கு எடை போட தனியா நிக்க வேணாம், பில் போடற எடத்துலயே போட்டுடறாங்க. அரிசிய திறந்து வெச்சுருக்காங்க, கைல அள்ளி பாத்து வாங்கலாம். பில் போடற பொண்ணுங்களுக்கு ஸ்டூல் வந்துருக்கு. கடைல வேல செய்றவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு 2021லயே நம்ம சட்டசபைல சட்டம் போட்டாச்சு, இருந்தாலும் இந்த கடைல இப்பதான் கண்ணுல பாக்கறேன். ஏசி நல்லா வேல செய்யுது. இதுல எதுவும் குறை சொல்ல மாட்டேன்.

இப்ப கல்லுப்புக்கு வரேன்.

பழைய கடைல புளி, காஞ்ச மிளகா, கல்லுப்பு மூணும் பக்கத்து பக்கத்துல இருக்கும், கண்ண மூடிட்டு எடுக்கலாம். ரீமாடலுக்கு அப்பறம் புளி மிளகாலாம் மாடிக்கு போயிடுச்சு, உப்பு மட்டும் அதுங்களோட போவல. கொஞ்ச நாள் பிஸ்கட் வரிசைக்கு பின்னாடி கெடந்துச்சு, அப்பறம் எண்ணெய் பக்கம், இப்ப எங்க தெரியுமா, பினாயில் பாத்ரூம் ப்ரஷ் வரிசைல கீழ் தட்டுல. சாப்புட்ற சாமான பினாயில் பக்கத்துல வெக்கலாமான்னு யோசிக்க ஒரு ஆள் கூடவா இல்ல அந்த ப்ளான் போட்ட எடத்துல? கண்ணுக்கு நேரா, கை நீட்டுனா எட்ற மாதிரி என்ன வெச்சுருக்காங்கன்னா இந்துப்பு, ரோஸ் கலர்ல, மூடி போட்ட டப்பால. கல்லுப்பு கிலோ வாங்கற காசுக்கு அதுல ரெண்டு ஸ்பூன் வருமா தெரில.

அம்மா போன வாரம் அங்க நின்ன பையன கேட்டாங்க, "தம்பி, கல்லுப்பு எங்கப்பா?" அவன் "ஆண்ட்டி, நேத்து வரைக்கும் இங்கதான் இருந்துச்சு, சூப்பர்வைசர்தான் எடத்த மாத்த சொன்னாங்க"ன்னான். "ஏம்ப்பா, உப்பு என்ன பண்ணுச்சு உங்களுக்கு, தெனம் அத தொரத்திக்கினே இருக்கீங்க"ன்னாங்க. பாவம் அவன் சிரிச்சுட்டு அவனே போய் தேடி எடுத்துட்டு வந்தான். பசங்க மேல தப்பே கெடயாது, நல்ல பசங்க, அவங்களுக்கே எது எங்க இருக்குன்னு மறுநாள் காலைல வந்தாதான் தெரியுது.

இதெல்லாம் தெரியாம நடக்கல, தெரிஞ்சேதான் பண்றாங்க. மொதல்மொதல்ல அமெரிக்கால மெம்ஃபிஸ்ல 1916ல கிளாரன்ஸ் சாண்டர்ஸ்னு ஒருத்தர் பிக்லி விக்லின்னு கடை போட்டார். அதுவரைக்கும் அங்கயும் நம்ம அண்ணாச்சி கடை கணக்குதான், லிஸ்ட்ட நீட்டுனா உள்ள இருக்கறவர் எடுத்து குடுப்பார். சாண்டர்ஸ் என்ன பண்ணார்னா, சுத்துற கேட்டு வழியா உள்ள விட்டு, எல்லா ராக்கையும் ஒரு ரவுண்டு வந்தாதான் காசு கட்ற எடத்துக்கே போக முடியும்ங்கற மாதிரி பாதை போட்டு, அதுக்கு 1917ல பேட்டன்ட்டும் வாங்கிட்டார். நூறு வருஷம் தாண்டிடுச்சு, டெக்னிக் அதேதான். கண்ணு மட்டத்துல இருக்குற தட்டுதான் நல்லா விக்கும், அந்த எடத்துக்கு கம்பெனிங்க காசு குடுக்கறதும் உண்டு. வழக்கமா வர்றவன் எது எங்கன்னு மனப்பாடம் பண்ணிட்டா எடுத்துட்டு போயினே இருப்பான், வேற எதையும் பாக்க மாட்டான், அதான் அப்பப்போ எடம் மாத்தறது. பால் கடைசில இருக்கறதையும் இதே கணக்குல திட்டுவாங்க, அதுல பாதிதான் உண்மை, ஃப்ரிட்ஜும் சரக்கு எறக்கற வழியும் பின்னாடி இருந்தா பாலும் பின்னாடிதான் இருக்கும். அத விட்டுடறேன்.

கல்லுப்புல லாபம் கம்மி, வெயிட்டு ஜாஸ்தி, கீழ் தட்டுல வெக்கறதும் நியாயம்தான். ஆனா எந்த ஊர்ல கடை வெச்சுருக்கீங்க? காசிமேடு கூப்டு தூரம். ஞாயித்துக்கெழம காலைல நெத்திலியோ கானாங்கத்தையோ வாங்கிட்டு வந்தா கல்லுப்பும் மஞ்சத்தூளும் போட்டு உரசி கழுவுனாதான் அந்த வழவழப்பு போவும். தூள் உப்பு தண்ணி பட்டதும் கரைஞ்சுடும், உரசாது. மாங்கா சீசன் வந்தா ஊறுகாய்க்கு வேணும். வெள்ளிக்கெழம கல்லுப்பு வாங்குனா வீட்டுக்கு நல்லதுன்னு அதுக்குன்னே வர்றவங்க எத்தன பேர். புது வீட்டுக்கு மொதல்ல உள்ள போறதே உப்பும் மஞ்சளும்தான், மச்சி உங்க வீட்டுக்கும் அதானே கொண்டு வந்தோம். சால்ட் கோட்டர்ஸ்னு ஒரு கூட்ஸ் யார்டே வெச்சுருக்குற ஊருப்பா இது! வேற எங்கயோ உக்காந்து வரைஞ்ச மேப்ப அப்டியே கொண்டாந்து இங்க ஒட்டுனா இப்டிதான் ஆவும். அந்த ரோஸ் உப்ப எங்க தெருவுல யார் வீட்லயும் நான் பாத்தது இல்ல.

இன்னொன்னு, மளிகை முக்காவாசி மாடில, லிஃப்ட் இருக்கு ஆனா சரக்கு ஏத்தறதுக்குன்னு பாதி நேரம் புடிச்சு வெச்சுக்கறாங்க. முட்டி வலி இருக்கறவங்கள கூட்டிட்டு போறதா இருந்தா மதியம் ரெண்டு மணிக்கு மேல போங்க.

சரி, தீர்ப்பு. சுத்தம், எடம், பில்லு, பசங்க, எல்லாத்துலயும் முன்னாடி இருந்தத விட நல்ல கடை, நியாயமா பாத்தா 5க்கு 4 குடுக்கணும். நான் 2தான் குடுக்கறேன். கோவத்துல குடுக்கறேன்னு எனக்கும் தெரியுது, உப்ப புளி பக்கத்துல கொண்டாந்து வெக்கட்டும், அப்ப மாத்தறேன். மச்சி, மாச சாமான அண்ணாச்சி கடைலயே சொல்லிடு, வீட்டுக்கு அனுப்பிடுவார். அரிசிக்கு மட்டும் இங்க வா. மெம்பர் கார்டு போட்டுக்க சொல்லுவாங்க, ஃப்ரீதான், போட்டுக்கோ.