வில்லூண்டியா, அரிச்சல்முனையா, அரியமானா? ஐப்பசியில் நடக்க எந்தக் கரை

புரட்டாசி முடியப் போகிறது என்றால் எங்கள் கூட்டத்தில் இந்தச் சண்டை வந்துவிடும். ஆறேழு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததிலிருந்து மதியச் சாப்பாடு வரை கடலோரமாக நடக்க வேண்டும், எந்தக் கரைக்குப் போவது? பரமக்குடியிலிருந்து வருகிற நண்பனுக்குத் தனுஷ்கோடியை விட்டால் வேறு கடலே கிடையாது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் அரியமான் என்பார்கள். நான் ராமேஸ்வரம் தீவின் வடகரையில், வில்லூண்டியில் தொடங்கி ஓலைக்குடா வரை என்பேன். மூன்றிலும் நடந்து பார்த்தாயிற்று, அதனால் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் காற்று, அப்புறம்தான் இடம். பாம்பன் பக்கம் பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள், பெண்கடல் என்றும் சொல்வதுண்டு. மன்னார் வளைகுடா தென்கடல், ஆண்கடல். ஆனால் பெண்கடல் சாது என்பதெல்லாம் பாதி வருஷத்துக்குத்தான் செல்லும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் தென்கடல் குமுறும், தீவு நடுவில் மறைத்துக்கொள்வதால் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை என்கிற வடகிழக்குக் காற்று எழும்பிவிட்டால் அப்படியே தலைகீழ், ஆழம் குறைந்த வடகடல்தான் கலங்கிப்போய் அலையைக் குட்டை குட்டையாக அடித்துத் தள்ளும். கச்சான் ஓய்ந்து வாடை எழும்புவதற்கு நடுவே கொஞ்ச நாள் இரண்டு கடலும் சும்மா இருக்கும், வெயிலிலும் சித்திரை வெறி இருக்காது. நாங்கள் கிளம்புவது அந்த நாட்களில்தான்.

சரி, அரிச்சல்முனை, தனுஷ்கோடியின் கடைசி முனை. பார்க்க வேண்டிய இடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கினால் முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை, இடது கையில் வடகடல், வலது கையில் தென்கடல், தலையைத் திருப்பினால் போதும், இரண்டின் நிறமும் வேறு என்று தெரியும். 1964 டிசம்பர் புயலில் போன ஊர் நடுவில் வருகிறது. தேவாலயச் சுவரை ஒட்டி நின்று பாருங்கள், செங்கல் என்று தூரத்தில் நினைத்தது பவளப்பாறைக் கல். மூளை மடிப்பு போன்ற வரிகள் அப்படியே தெரியும், விரல் வைத்தால் சொரசொரவென்று இருக்கும். அந்தச் சுவருக்காகவே நான் மூன்று முறை போயிருக்கிறேன்.

ஆனால் நடப்பதற்கு? 2017-இல் தார்ச்சாலை திறந்த பிறகு அது வண்டிகளின் பாதை. அதற்கு முன் மணலில் வேன் திணறிப் போன காலத்திலாவது நடக்கிறவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. இப்போது பேச்சின் நடுவில் ஹார்ன், காலுக்கடியில் கொதிக்கிற தார், நிழல் என்று சொல்ல ஒரு மரம் கிடையாது. ஒரு வருஷம் எட்டு மணிக்குத்தான் தொடங்கினோம், ஒன்றரை லிட்டர் பாட்டில் பத்து மணிக்கே காலி, நண்பன் என் குடையைப் பிடுங்கிக்கொண்டு கடைசி வரை தரவில்லை, திரும்பும்போது யாரும் யாரோடும் பேசவில்லை. முனையில் குளிக்கவும் கூடாது, நீரோட்டம் இழுக்கும். போவதென்றால் பஸ்ஸில் முனை வரை போய், திரும்பும்போது பழைய ஊர் வரை மட்டும் தென்பக்க மணலில் நடந்தால் அழகு.

வில்லூண்டி–ஓலைக்குடா இதற்கு நேர் எதிர். பெரிதாகப் பார்க்க எதுவுமில்லை, அதுதான் அதன் நல்ல குணம். தங்கச்சிமடத்திலிருந்து வில்லூண்டி தீர்த்தம் பக்கம்தான். கடலுக்குள் நீளும் சின்னப் பாலத்தின் முடிவில் ஒரு கிணறு, சீதையின் தாகத்துக்கு ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது கதை. வாளியில் இறைத்து உள்ளங்கையில் ஊற்றுவார்கள், சுற்றிலும் உப்புக்கடல், நாக்கில் நல்ல தண்ணீர். முதல் தடவை வருகிறவன் நம்பாமல் குனிந்து பக்கத்துக் கடல் தண்ணீரையும் தொட்டு நக்கிப் பார்ப்பான், இதுவரை ஒருவர்கூடத் தவறியதில்லை.

அங்கிருந்து கிழக்கே போனால் தென்னை, பனை, இடையிடையே சீமைக்கருவேலம். கரையை விட்டு ஊருக்குள் ஏறி இறங்க வேண்டிய இடங்களும் உண்டு, முள் இருக்கிறது, ரப்பர் செருப்பில் வராதீர்கள். சம்பை பக்கம் வந்தால் மூங்கில் மிதவைகள் தெரியும், பாசி வளர்ப்பு. வெட்டிய பாசியை வலைமேல் பரப்பிக் காயப்போட்டிருப்பார்கள். ஈரத்தில் பழுப்புப் பச்சையாக வழவழவென்று இருப்பது காயக்காயச் சுருங்கி உப்புப் பூத்துக் கிடக்கும், வீச்சம் குப்பென்று அடிக்கும், ஐந்து நிமிஷத்தில் பழகிவிடும். அங்கே வேலை செய்கிற அக்கா ஒருவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "எடுங்க தம்பி, அதுக்கு முன்னாடி அந்த முனையைப் பிடிங்க" என்று வலையின் ஒரு பக்கத்தை என் கையில் கொடுத்துவிட்டார். அரைமணி நேரம் போனது, படம் எடுக்கவே இல்லை.

ஓலைக்குடாவுக்கு வந்தால் ராமேஸ்வரம் டவுன் பக்கம்தான், ஆட்டோ கிடைக்கும், மீன் சாப்பாட்டுக்கு நேரம் சரியாக இருக்கும். இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன்: கரையில் குப்பை. சில இடங்களில் வலைத்துண்டும் பிளாஸ்டிக்கும் பார்க்கச் சகிக்காது. வாடை எழும்பிவிட்டால் காற்று நேராக முகத்தில், கண்ணில் மணல்.

அரியமான் உச்சிப்புளியிலிருந்து இறங்குகிற கரை, சவுக்குத் தோப்பு, நிழல், ஆழமில்லாத தண்ணீர். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் நடந்தவுடன் எல்லோரும் தோப்பில் உட்கார்ந்துவிடுவார்கள், டிபன் பாக்ஸ் திறந்துவிடும், அப்புறம் எழுப்ப முடியாது. அதை நடை என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை. தொண்டிப் பக்கம் காரங்காட்டையும் சிலர் சொல்கிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகிற இடம் அது, போய் வாருங்கள், நடைக்கான பட்டியலில் வேண்டாம்.

பரமக்குடிக்காரன் இந்த வருஷமும் தொடங்கிவிட்டான்: "மாப்ள, அவ்வளவு தூரம் வந்துட்டு தனுஷ்கோடி போகாம திரும்புறதா?" பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றால் கோபம் வருகிறது. கடைசியில் ஒரு ஒப்பந்தம். சனிக்கிழமை சாயங்காலம் பாம்பனில் இருக்கிற நண்பனுக்குப் போன் போடுவது, வடகடல் சும்மா கிடந்தால் வில்லூண்டி, வாடை எழும்பியிருந்தால் அரிச்சல்முனை, தென்பக்க மணல். குடை ஆளுக்கு ஒன்று.