அம்மா உணவகம் ரிவ்யூ: சாப்பாடும் இருக்கு, சமூகவியல் பாடமும் இருக்கு

முதல்ல சாப்பாட்ட பத்தி சொல்லிடறேன், ரிவ்யூன்னு தேடி வர்றவங்க அதுக்குத்தானே வர்றீங்க. 2013 பிப்ரவரில சென்னை மாநகராட்சி ஆரம்பிச்சது. இட்லி 1 ரூபா, பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, ராத்திரி ரெண்டு சப்பாத்தி பருப்போட 3 ரூபா. சமைக்கிறது, பரிமாறுறது எல்லாமே மகளிர் சுயஉதவிக் குழு அக்காங்கதான். என் ஓட்டு தயிர் சாதத்துக்கு, மத்தியான வெயில்ல அலைஞ்சுட்டு வந்து சாப்பிட்டா வயிறு குளிர்ந்துடும். சாம்பார் சாதத்த சூடா இருக்கும்போதே முடிச்சிடுங்க. டோக்கன் வாங்கி, தட்ட வாங்கி, உயரமான மேஜைல வெச்சு நின்னுக்கிட்டே சாப்பிடணும், முட்டி வலி இருக்கிறவங்க அத மனசுல வெச்சுக்கோங்க.

இனி நான் உண்மையில எழுத வந்த விஷயம். நான் காலேஜ்ல முதல் வருஷ பசங்களுக்கு சமூகவியல் எடுக்கிறேன். கலாச்சாரம், சமூக நெறி, மனுஷங்களுக்குள்ள நடக்கிற ஊடாட்டம்னு பாடம் வரும்போது பசங்க எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி எழுதிடுவாங்க, ஆனா தங்களையே சுத்தி அது நடக்குதுன்னு கண்ணுல படாது. அதுக்கு இந்த மேஜைய விட நல்ல இடம் எனக்கு தெரியல.

தண்ணி குடிக்கிறத பாருங்க. பொது டம்ளர்னா நம்மாளு உதட்டுல வைக்க மாட்டாரு, அண்ணாந்து ஊத்திக்குவாரு. யாரும் போர்டு மாட்டல, சின்ன வயசுல வீட்ல "எச்சி பண்ணாதடா"ன்னு சொன்னதோட சரி, உடம்புல ஊறிப் போச்சு. யாராவது வாய் வெச்சு குடிச்சா என்ன ஆகும்? பக்கத்துல நிக்கிறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, அவ்ளோதான். வில்லியம் கிரஹாம் சம்னர்னு ஒரு அமெரிக்கர் 1906ல நெறிகள ரெண்டா பிரிச்சாரு. மீறினா முகம் சுளிக்கிறதோட போயிடற தினசரி வழக்கம் ஒண்ணு, மீறினா ஊரே கொதிச்சு எழற அளவுக்கு நல்லது கெட்டதுன்னு நம்பப்படற நெறி இன்னொண்ணு. அண்ணாந்து குடிக்கிறது முதல் வகை. ஆனா அதே டம்ளர்தான் ரெண்டாவது வகைக்கும் உதாரணம், இரட்டைக் குவளை. டீக்கடைல தலித் மக்களுக்கு தனி குவளை வெச்சிருந்த ஊர்கள்ல அதை மாத்திக் கேட்டவங்கள அடிச்சிருக்காங்க, ஊர்விலக்கு பண்ணியிருக்காங்க. நெறின்னா நல்ல பழக்கம்னு மட்டும் பசங்க நினைச்சுக்கறாங்க, அப்படி இல்ல. கொடுமையும் நெறியா இருக்கும், அத காப்பாத்தறவங்க தாங்க ஒழுக்கமா இருக்கோம்னுதான் மனசார நம்புவாங்க.

சட்டம் இதுல எங்க வருது? 1950ல அமலுக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்துல 15ஆவது பிரிவு கடை, பொது உணவகம் எதுலயும் சாதி பார்த்து தடுக்கக் கூடாதுங்குது, 17ஆவது பிரிவு தீண்டாமைய ஒழிக்குது. ஆனா அதுக்கு ஏழு வருஷம் கழிச்சு, 1957லயும் திருவல்லிக்கேணில முரளி கஃபே போர்டுல "பிராமணாள்"னு இருந்துச்சு, அத எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் நடத்தினாரு, நாள் தவறாம ஆளுங்க போய் கைதானாங்க. யாரோட யார் உக்காந்து சாப்பிடலாம்ங்கிறது நம்ம நாட்டுல சாதிய கட்டிக் காத்த பெரிய வேலி, அது எழுத்துல போனாலும் உடம்புல இருந்து போக நாளாகும்.

அதனாலதான் இந்த மேஜைய நான் இவ்ளோ மதிக்கிறேன். டோக்கன் வாங்குற வரிசைல யாரு முன்னாடி யாரு பின்னாடின்னு வந்த நேரம்தான் முடிவு பண்ணுது. ஆட்டோ ஓட்டறவர், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன், ஆஸ்பத்திரில ஆள் சேர்த்துட்டு வந்தவங்க, கோர்ட்டுக்கு வந்த பெரியவர் எல்லாரும் ஒரே மேஜைல முழங்கை இடிக்க நிக்கிறாங்க, என்ன ஆளுன்னு யாரும் கேக்கறதில்ல. சாதி போயிடுச்சுன்னு நான் சொல்லல, வீட்டு வாசல்ல அது அப்படியேதான் காத்துக்கிட்டு இருக்கு. ஆனா தினம் ஒரு வேளை பக்கத்துல நிக்கிறது யாருன்னு தெரியாம சாப்பிட்டு பழகின உடம்புக்கும் அப்படி பழகாத உடம்புக்கும் வித்தியாசம் இருக்குன்னு உறுதியா நம்பறேன்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப பிடிச்சது. எர்விங் காஃப்மன்னு ஒரு சமூகவியலாளர் 1963ல எழுதினதுல ஒரு கருத்து வரும், பொது இடத்துல முன்பின் தெரியாதவங்க ஒருத்தர ஒருத்தர் லேசா பார்த்துட்டு உடனே பார்வைய விலக்கிக்கிறது ஒரு மரியாதைன்னு. நம்ம ஊர்ல இது பாதிதான் பொருந்தும். முகத்த பார்த்து தாராளமா பேசுவாங்க, "யாருக்கும்மா உடம்பு சரியில்ல, எந்த வார்டு"ன்னு முத தடவை பாக்கறவங்களே கேப்பாங்க, பதிலும் வரும், கேக்கலன்னாதான் ஒரு மாதிரி. ஆனா தட்ட மட்டும் பாக்க மாட்டாங்க! சாப்பிடறவங்கள உத்து பார்த்தா கண்ணு படும்ங்கிற நம்பிக்கை ஒரு பக்கம், அடுத்தவங்க எவ்ளோ வாங்கினாங்க எவ்ளோ வாங்க முடிஞ்சுதுன்னு பாக்கக் கூடாதுங்கிற நாகரிகம் இன்னொரு பக்கம். காஃப்மன் சொன்ன விலகல் நமக்கு முகத்துல இல்ல, தட்டுல இருக்கு.

வரிசைல யாராவது நடுவுல நுழைஞ்சா "ஏம்மா நாங்கல்லாம் நிக்கிறது தெரியலயா"ன்னு ஒரு குரல் வரும், ஆனா தள்ளாத வயசுல ஒருத்தர் வந்தா அதே குரல் "தாத்தாவ முன்ன விடுங்கப்பா"ன்னு சொல்லும். விதியும் அதுக்கான விலக்கும் எல்லாருக்கும் சேர்ந்தே தெரிஞ்சிருக்கு.

பசங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு: மத்தியானம் 12லேர்ந்து 3 வரைக்கும் சாப்பாடு, ஒரு மணி வாக்குல போங்க. நீங்களும் வரிசைல நின்னு வாங்கி சாப்பிடுங்க, ஓரமா நின்னு குறிப்பு எழுதறது நல்லா இருக்காது. சாப்பிடறவங்கள போட்டோ எடுக்க விடாதீங்க.