தனமா, ஈஸ்வரியா, பாக்கியாவா?

எங்கள் வீட்டில் அப்பத்தா, நான், பக்கத்து வீட்டு ஆச்சி மூன்று பேரும் சேர்ந்துதான் சீரியல் பார்ப்போம். காரைக்குடியில் பலகார ஆர்டர் எடுக்கும் பெண்கள் நிறைய. ஆச்சியும் அதில் ஒருவர். டிவி ஓடும்போதும் கை சும்மா இருக்காது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார். பதம் வந்துவிட்டால் யார் அழுதாலும் சரி, மனகோலம் என்ற செட்டிநாட்டு இனிப்பைக் கிளற எழுந்து போய்விடுவார்.

எங்களுக்குள் வரும் சண்டையெல்லாம் ஒன்றுதான். இந்த சீரியல் மருமகள்களில் யாரைப் பார்த்து நம் வீட்டுப் பெண் வளர வேண்டும்?

அப்பத்தாவுக்குத் தனம். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ விஜய் டிவியில் 2018 முதல் 2023 வரை வந்தது. கொழுந்தன்மாரை வளர்ப்பதற்காகத் தன் குழந்தையையே தள்ளிப்போட்டவள் தனம். அவள் அன்பு பொய்யில்லை. ஆனால் அவளுக்கென்று என்ன வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை, அவளும் கேட்டுக்கொள்வதில்லை. அவள் விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்கத்தான் பாராட்டும் கூடுகிறது. எனக்குப் பயமே அதுதான்.

அப்பத்தாவிடம் ஒருநாள் கேட்டேன்: “உங்களையே கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் வேறு வச்சுட்டாங்களே அப்பத்தா, நீங்க எப்படித் தனம் பக்கம்?” நகரத்தார் வீட்டு வழக்கம் அது. வீடு ஒன்றுதான், ஆனால் புதுத் தம்பதிக்கு அடுப்பு வேறு, வரவு செலவு வேறு. பாசம் குறைந்து செய்வதல்ல. ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்துகொண்டே அவரவர் உலையை அவரவர் வைப்பது. அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அது நல்ல ஏற்பாடுதான்” என்றார்.

‘எதிர்நீச்சல்’ சன் டிவியில் 2022இல் தொடங்கியது. படித்த பெண்களாகப் பார்த்து மருமகளாக்கி, அடுப்படியோடு நிறுத்திவிடும் வீடு. அங்கே வீட்டின் மூத்தவர் ஆதி குணசேகரன் வாயிலிருந்து ‘இந்தாம்மா ஏய்’ என்றுதான் கூப்பாடு வரும். மாரிமுத்து நடிப்பில் அது ஊரெல்லாம் பரவியது. பலர் சிரித்தார்கள், என்னால் முடியவில்லை. இருபது வருஷம் ஒருத்தியை இப்படிக் கூப்பிட்டால் அவளுக்கே தன் பெயர் மறந்துபோகும். அவர் மனைவி, மூத்த மருமகள் ஈஸ்வரி அப்படி மறந்துபோய் இருந்தவள்தான். அவளும் நந்தினியும் ரேணுகாவும், கடைசி மருமகள் ஜனனி வந்த பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து எழுகிறார்கள். ஓரகத்திகள் என்றாலே சண்டை என்று காட்டிப் பழகிய சீரியல்களுக்கு நடுவே இது பெரிய விஷயம். நான் அடுத்துச் சொல்லப்போகும் பாக்கியாவிடம்கூட இவ்வளவு துணை இல்லை.

ஆனாலும் என் ஓட்டு பாக்கியாவுக்கு. ‘பாக்கியலட்சுமி’ 2020இல் விஜய் டிவியில் வந்தபோது அவள் மூன்று பிள்ளைக்குத் தாய். இங்கிலீஷ் வராது. கணவன் கோபிக்கு அவளை நாலு பேர் முன் அழைத்துப் போகவே கூச்சம். கல்லூரிக் காலத்துக் காதலி ராதிகாவிடம் அவன் மறைவாகத் திரும்பிப் போகிறான். உண்மை தெரிந்ததும் பாக்கியா உடைந்துதான் போகிறாள், ஆனால் கெஞ்சவில்லை. விவாகரத்தாகிவிடுகிறது. அதற்கு முன்பே அவள் கையில் சமையல் தொழில் இருந்தது. அவள் தன்னை மதிக்கக் கற்றதும் அங்கேதான்: ஆர்டர் பிடித்து, ஆள் சேர்த்து, சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு இறக்கி.

ஒரு குறை மட்டும் எனக்குத் தீரவில்லை. தன் கையால் அரைத்த மசாலாவுக்கு மாமியார் பெயரை வைத்தாள், ஈஸ்வரி மசாலா என்று (அந்த மாமியார் பெயரும் ஈஸ்வரிதான்). அன்பில் செய்ததுதான். இருந்தாலும் அந்த டப்பாவில் அவள் பெயர் இருந்திருக்கலாம்.

இதைச் சொன்னபோது ஆச்சி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவருடைய ஆர்டர் நோட்டின் அட்டையில் வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். மறுநாள் பார்த்தேன், பழைய பெயருக்கு மேல் காலண்டர் தாளை ஒட்டி, நீல மையில் தன் பெயரை எழுதியிருந்தார். கீழே முதல் வரி: தேன்குழல் 5 கிலோ, சீப்புச்சீடை 3 கிலோ, வெள்ளிக்கிழமை.