பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது? ஓர் இணையக் குழுவில் பத்து வருஷம்

செம்பூரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். 2015இல் கிரைண்டர் பெல்ட் வழுக்க ஆரம்பித்தபோது, வீட்டுச் சாமான்களைத் தாங்களே பழுதுபார்க்கும் மும்பைத் தமிழர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். தாராவி, சயான் கோலிவாடா, மாதுங்கா, முலுண்டு, டோம்பிவிலி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். பெல்ட் அன்றைக்கே சரியானது. நான் மட்டும் அங்கேயே தங்கிவிட்டேன்.

இந்தப் பத்து வருஷத்தில் உறுப்பினர்களுக்குத் தரம் போடும் முறை எங்கள் குழுவில் மூன்று விதமாக இருந்திருக்கிறது. முதல் முறையில் நான் சாதாரண உறுப்பினர். அடுத்த இரண்டையும் முடிவு செய்த ஐந்து பேரில் நானும் ஒருத்தி. இதேபோல் குழு நடத்துகிறவர்கள் யாராவது பட்டம், புள்ளி, நட்சத்திரம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் முறை எல்லோருக்கும் பழக்கமானது. எத்தனை பதிவு போட்டிருக்கிறீர்கள் என்று மென்பொருள் எண்ணும். 100 வரை ‘புதியவர்’, அதற்கு மேல் ‘கைதேர்ந்தவர்’, 2000 தாண்டினால் ‘வல்லுநர்’, 5000 தாண்டினால் ‘ஆசான்’. பெயருக்குக் கீழே தங்க நிறத்தில் மின்னும்.

2017 மே மாதம் டோம்பிவிலியிலிருந்து ஒரு பெண் கேட்டார். மிக்ஸி ஓட ஆரம்பித்த பத்து விநாடியில் நின்றுவிடுகிறது, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே வந்துவிடுகிறது, அமுக்கினால் திரும்ப ஓடுகிறது, திரும்ப நிற்கிறது. இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று ஓர் ‘ஆசான்’ எழுதியது: சுவிட்ச் பலவீனமாகிவிட்டது, அதைக் கழற்றிவிட்டு இரண்டு வயரையும் நேராகச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று கோலிவாடா அண்ணாச்சியின் குரல் பதிவு. முப்பது வருஷம் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். டைப் அடிக்க வராது. “தாயி, ஜாரைத் தனியா எடுத்துக் கவுத்து வை. அடியில இருக்கிற கப்ளரை விரலால சுத்திப் பாரு. லேசாச் சுத்துனா மோட்டாரைப் பார்ப்போம். சுத்தலைன்னா மோட்டார் மேல குத்தமே இல்ல, ஜார் புஷ் பிடிச்சிருக்கு.” (புஷ் என்றால் ஜாரின் அடியில் பிளேடு தண்டைத் தாங்கும் உலோகக் குழல்.) குழுவில் அவர் அதுவரை போட்டிருந்தது 41 பதிவு. பெயருக்குக் கீழே ‘புதியவர்’.

அந்தப் பெண் ஆசான் சொன்னதைக் கேட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்தப் பொத்தான் இருப்பதே மோட்டார் திணறும்போது மின்சாரத்தைத் துண்டித்து அதைக் காப்பாற்றத்தான். அதை எடுத்துவிட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. மறுநாள் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது வார்னிஷ் கருகும் வாடை வந்து, மோட்டாரின் கம்பிச் சுற்றான வைண்டிங் எரிந்துபோனது. பிறகுதான் ஜாரைக் கவிழ்த்துச் சுற்றிப் பார்த்தாராம். அசையவே இல்லை. ஜாருக்குப் புது புஷ் போட்டிருந்தால் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

அந்த ஆசானைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நல்ல மனிதர். காலையில் எல்லோருக்கும் வணக்கம் சொல்வார், புதிதாக வருகிறவர்களை வரவேற்பார், யார் வீட்டில் விசேஷம் என்றாலும் வாழ்த்துவார். அவர் போட்ட ஐயாயிரம் பதிவில் நாலாயிரம் இந்த மாதிரிதான். குழு கலகலப்பாக இருந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். அதற்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த மரியாதையை ‘ஆசான்’ என்ற சொல்லால் செய்தோம். படிக்கிறவர்களுக்கு அது ‘இவருக்கு மிக்ஸி தெரியும்’ என்று சொன்னது. அவருக்கு மிக்ஸி தெரியாது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு பதிவு எண்ணிக்கை முறையை எடுத்துவிட்டோம். அடுத்து என்ன என்று கேட்டபோது, மென்பொருள் வேலையில் இருக்கும் என் மகன் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைக் காட்டினான். நிரல் எழுதுகிறவர்கள் 2008இலிருந்து கேள்வி பதிலுக்குப் பயன்படுத்தும் தளம். பதிலுக்கு ஒருவர் ஆதரவு வாக்குப் போட்டால் 10 புள்ளி. கேட்டவர் ‘இதுதான் சரி’ என்று ஏற்றுக்கொண்டால் 15. எதிர் வாக்கு விழுந்தால் 2 குறையும். இன்னொருவர் பதிலுக்கு எதிர் வாக்குப் போடுகிறவருக்கும் 1 புள்ளி போகும் என்ற விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. தப்பு என்று சொல்ல நீயும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும். சும்மா கோபத்தில் குத்த முடியாது.

நாங்கள் செய்த தப்பு, அதில் சுலபமானதை மட்டும் எடுத்துக்கொண்டது. லைக் ஒன்றுக்கு இத்தனை புள்ளி என்று வைத்தோம். கேட்டவர் ஏற்றுக்கொள்வது, எதிர் வாக்கு எல்லாம் சண்டை வரும் என்று விட்டுவிட்டோம். ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது. பொங்கல் வாழ்த்துப் படத்துக்கு 80 லைக், இன்வெர்ட்டர் ஏசி போர்டில் எந்த கெப்பாசிட்டர் போயிருக்கிறது என்று படம் போட்டு விளக்கியவருக்கு 3. அந்த விளக்கம் புரிகிற ஆட்களே குழுவில் நாலு பேர்தான். அப்புறம், சுலபமான கேள்வி வந்தால் ஐந்து நிமிஷத்தில் பன்னிரண்டு பேர் பதில் சொன்னார்கள். கஷ்டமான கேள்வி வாரக்கணக்கில் கிடந்தது.

அண்ணாச்சி விஷயம் இன்னும் மோசம். அவர் குரல் பதிவுகளை முலுண்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி பொறுமையாகக் கேட்டு எழுத்தில் போடுவாள். நெல்லைப் பேச்சு, நடுவே மராத்தி, இந்தி, கடை வாசலில் ஆட்டோ சத்தம். லேசான வேலை இல்லை. ஆனால் பதிவு அவள் கணக்கிலிருந்து போகும், லைக் அவளுக்கு விழும். ஒரு வருஷத்தில் அவள் பட்டியலில் இரண்டாவது இடம், அண்ணாச்சி இருநூறுக்கும் கீழே. அவளே எனக்கு எழுதினாள்: “அத்தை, என்னைப் பார்த்து ஒருத்தர் வாஷிங் மிஷின் மோட்டார் பற்றிக் கேட்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எப்படியாவது மாற்றுங்கள்.”

அந்த வருஷம் முழுவதும் மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தேன். கணினிக்காரர்களின் பழைய கூடாரமான ஸ்லாஷ்டாட்டில் ஒரு காலத்தில் உறுப்பினரின் கர்மாவை (நற்பெயர்ப் புள்ளிக்கு அங்கே அந்தப் பெயர்) எண்ணாகவே காட்டினார்கள். எண்ணை ஏற்றுவதே சிலருக்கு விளையாட்டாகிவிட்டதால் எண்ணை எடுத்துவிட்டு ‘நல்லது’, ‘மிக நல்லது’ என்று சொல்லாக மாற்றினார்கள். மதிப்பிடும் அதிகாரமும் அங்கே நிரந்தரம் இல்லை. சிலருக்குக் கொஞ்சம் புள்ளி கொடுப்பார்கள், மூன்று நாளுக்குள் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் காலாவதி. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப்பில் எத்தனை நாள் தொடர்ந்து வேலை செய்தீர்கள் என்று காட்டும் எண்ணை 2016இல் எடுத்தார்கள். எங்கள் குழுவிலும் ‘தொடர்ந்து 200 நாள்’ என்று ஒரு பேட்ஜ் இருந்தது. ஒரு அக்கா பிரசவத்துக்குப் போன மருத்துவமனையிலிருந்து ‘வணக்கம்’ போட்டார், அது விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. அந்த பேட்ஜை நாங்கள் எடுத்ததற்கு அதுதான் காரணம்.

இணையக் குழு நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் என்ற மென்பொருளில் நம்பிக்கை நிலைகள் 0 முதல் 4 வரை. முதல் படி ஏறுவதற்கு எழுதவே வேண்டாம், வாசித்தால் போதும். எத்தனை பதிவைப் படித்தாய், எத்தனை நிமிஷம் படித்தாய் என்று பார்க்கும். மூன்றாம் நிலை நிரந்தரம் இல்லை, கடைசி 100 நாளில் போதுமான அளவு வரவில்லை என்றால் கீழே இறங்கும். பேசாமல் படிக்கிறவருக்கும் ஒரு மரியாதை உண்டு என்று ஒரு மென்பொருள் நினைத்திருப்பது எனக்கு சந்தோஷமாக இருந்தது.

கூகுள் மேப்ஸில் நானே ஏழெட்டு வருஷமாக எழுதுகிறேன். விமர்சனத்துக்கு 10 புள்ளி, படத்துக்கு 5, ஒரு லட்சம் சேர்ந்தால் பத்தாம் நிலை. என் நிலை என்ன என்று கேட்டால் செயலியைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாதுங்கா மார்க்கெட்டில் வாழையிலை விற்கும் கடையை நான் எடுத்த படத்தை ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது, அது மறக்கவில்லை. யாரோ ஒருவர் அதைப் பார்த்து அந்தச் சந்துக்குள் திரும்பியிருப்பார்.

என்னை முழுவதும் மாற்றியது தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கியது, நான் அங்கே சமையல் பாத்திரங்கள், தானியங்கள் பற்றிய கட்டுரைகளில் கொஞ்சம் கை வைப்பேன். அங்கேயும் தொகுப்பு எண்ணிக்கை (கட்டுரையில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு தொகுப்பு) உண்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் எண்ணிக்கை ஏறியதால் மட்டும் யாரும் நிர்வாகி ஆவதில்லை. மற்றவர்கள் கலந்து பேசித்தான் அந்தப் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். பதக்கம் என்று ஒன்று உண்டு. யாரும் யாருக்கும் கொடுக்கலாம், ஏன் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். 2013இல் விக்கிப்பீடியாவில் ‘நன்றி’ என்ற வசதி வந்தது. ஒரு குறிப்பிட்ட தொகுப்பைச் சுட்டி, இதற்காக நன்றி என்று ஒருவர் சொல்ல முடியும். நான் மாற்றியது ஒரு வரிதான், கேழ்வரகு முளைகட்டும் நேரம் பற்றி. அதற்கு ஒரு நன்றி வந்தது. யார் என்றே தெரியாது. அன்று முழுக்க மாவு அரைக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் வைத்து 2019இல் மூன்றாவது முறையைக் கொண்டுவந்தோம், இன்றுவரை அதுதான். பட்டம் இல்லை. மொத்தப் புள்ளி இல்லை. முதல் பத்துப் பேர் பட்டியலும் இல்லை. பெயருக்குக் கீழே என்ன சாமான், எத்தனை பேருக்குத் தீர்ந்தது, அவ்வளவுதான். ‘மிக்ஸி 64, கிரைண்டர் 22’ என்று வரும். தீர்ந்தது என்று கேட்டவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் உடனே இல்லை. முப்பது நாள் கழித்து மென்பொருள் அவரிடம் கேட்கும்: “இன்னும் ஓடுகிறதா?” ஆமாம் என்றால்தான் எண்ணில் சேரும். ரிப்பேர் வேலையில் இது ரொம்ப முக்கியம். மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால், அதன் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு ஓட வைப்பது யாருக்கும் முடியும். ஒரு வாரத்தில் திரும்பப் பொறி பறக்கும்.

ஆபத்தான யோசனையை ‘செய்யாதீர்கள்’ என்று அந்தச் சாமானில் அனுபவம் உள்ள இரண்டு பேர் குறித்தால் அது மடங்கி மறைந்துவிடும், ஏன் என்று அவர்கள் ஒரு வரி எழுதியாக வேண்டும். இப்படிக் குறிக்கும் பொறுப்பு ஆறு மாதத்துக்குத்தான், அப்புறம் சுற்றில் அடுத்தவருக்குப் போகும். தீர்ந்த எண்ணிக்கைக்கு மட்டும் காலாவதி கிடையாது. இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்தாலும், நாம் சரிசெய்து கொடுத்த மிக்ஸி அந்த வீட்டில் ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

அண்ணாச்சியின் பதிவுகளை அவர் கணக்கில் சேர்த்தோம். கீழே ‘எழுத்தில் கொடுத்தவர்’ என்று முலுண்டுப் பெண்ணின் பெயர் வருகிறது. லாமிங்டன் ரோட்டில் எந்தக் கடையில் எந்தப் பாகம் கிடைக்கும் என்று மாதாமாதம் போய்ப் பார்த்துப் பட்டியல் போடும் ஒருவர் இருக்கிறார். கடைக்காரர் மராத்தியிலும் இந்தியிலும் சொல்லும் பாகங்களின் பெயர்களுக்குத் தமிழில் பட்டியல் வைத்திருக்கும் ஓர் ஆசிரியை இருக்கிறார். இவர்கள் யாரும் எதையும் ‘தீர்த்தவர்கள்’ இல்லை, எந்த எண்ணிலும் சிக்க மாட்டார்கள். அவர்களுக்காக நன்றிக் குறிப்பு வைத்தோம், எதற்கு என்று ஒரு வரியாவது எழுதாமல் அனுப்ப முடியாது. பழைய ஆசானுக்குத்தான் இதுவரை அதிகமான நன்றிக் குறிப்பு வந்திருக்கிறது. ‘முதல் நாள் கேள்வி கேட்கக் கூச்சமாக இருந்தது, நீங்கள் பேசியதால் கேட்டேன்’ என்ற மாதிரி. பட்டத்தை எடுத்தபோது அவர் மூன்று மாதம் வரவில்லை. எங்களுக்கு அது வேதனையாக இருந்தது, முன்னாலேயே அவரிடம் நேரில் பேசியிருக்க வேண்டும். இப்போது பழையபடி வருகிறார்.

குறை இல்லாமல் இல்லை. முப்பது நாள் கழித்துக் கேட்டால் நிறைய பேர் பதிலே சொல்வதில்லை, அதனால் உண்மையான எண்ணை விடக் குறைவாகத்தான் காட்டுகிறது. பட்டியலில் மேலே ஏற வந்தவர்கள் சிலர் போய்விட்டார்கள், பதிவுகளும் குறைந்தன. நாள் முழுக்க இரைச்சலாக இருந்த இடத்தில் இப்போது சில மதியங்களில் ஒன்றும் வராது. என்னைக் கேட்டால் பரவாயில்லை என்பேன். எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கு இன்னும் அதில் உடன்பாடு இல்லை. கஷ்டமான கேள்விகள் கிடப்பதற்கும் முழு வழி கிடைக்கவில்லை. மூன்று நாள் பதில் வராத கேள்வியை மேலே ஏற்றிக் காட்டுகிறோம், கொஞ்சம் பலன் இருக்கிறது.

அண்ணாச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, குழுவுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் காமோட்டேயிலிருந்து ஒரு பையன் கேட்டான், மிக்ஸி பத்து விநாடியில் நிற்கிறது, சிவப்புப் பொத்தான் வெளியே வருகிறது என்று. யாரோ 2017 குரல் பதிவை எடுத்துப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் ஜாரைக் கவிழ்த்து விரல் வைத்த படம் வந்தது, “சுத்தவே இல்ல” என்ற வரியோடு. புது புஷ் போட்டிருக்கிறான். வருகிற 14ஆம் தேதி அவனிடம் கேள்வி போகும்.